தைனா என்றொரு நிறம்

"மாறல," என்றாள் தைனா.

உடை மாற்றும் அறையின் சின்ன ஜன்னலைத் திறந்து இரண்டு கைகளையும் வெளியே நீட்டியபடி நின்றிருந்தாள். வெளியே மைனஸ் பதினெட்டு. சவுனா எனும் நீராவிக் குளியலறையின் மேல் பலகையிலிருந்து நேராக இறங்கி வந்தவள், துண்டுகூடச் சுற்றிக்கொள்ளவில்லை. தோளிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"கதவச் சாத்துடி," என்று உள்ளேயிருந்து எங்கள் கட்டடத்து ஐலா கத்தினாள். "சூடு பூரா போகுது. உன் நகம் காத்து வாங்கறதுக்கா நாங்க ஒரு வாரம் காத்துட்டிருந்தோம்?"

"ஒரு நிமிஷம்."

"நீ கேட்ட ஒரு நிமிஷம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. பிர்க்கோ, போய் அவள இழுத்துட்டு வா. இல்லன்னா ஜன்னல்லயே ஒட்டிக்குவா."

பிர்க்கோ நான்தான். எழுந்து போய்ப் பார்த்தேன். தைனாவின் இடது கை நகங்கள் ஐந்தும் குளிரில் திராட்சை ரச நிறத்துக்குத் திரும்பியிருந்தன. சவுனாவுக்குள் அவை வெளிர் ரோஜா நிறத்தில் இருந்ததைப் பார்த்திருந்தேன். அது நாலாம் எண் நகப்பூச்சு. வலது கையில் எட்டாம் எண். அது சூட்டில் சதுப்பு நிலத்து லக்காப் பழத்தின் மஞ்சளாகவும், குளிரில் கறுநீலமாகவும் இருக்க வேண்டும். காலையில் அப்படித்தான் இருந்தது. பால் வாங்கப் போகும்போது படிக்கட்டில் கையுறையைக் கழற்றி எனக்குக் காட்டினாள். இப்போது ஐந்து நகங்களும் மஞ்சளாகவே நின்றன. தெளிவான மஞ்சள்கூட இல்லை. பழைய ஜன்னல் சட்டத்தின் மஞ்சள்.

"இன்னும் கொஞ்சம் நேரம் வெச்சுப் பாரேன்," என்றேன்.

"விரல் மரத்துப் போச்சு. இதுக்கு மேல என்ன குளிர் வேணும் அதுக்கு?"

ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே போய் ஐலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லின் மேல் ஊற்றினாள்.

எங்கள் கட்டடத்தில் சனிக்கிழமை ஐந்திலிருந்து ஆறு வரை சவுனா பெண்களுக்கு. தைனா மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. பகலில் இருவரும் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறோம். அவள் அடுப்புப் பக்கம், நான் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கம். சமையலறைக்குள் மோதிரம் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, நகப்பூச்சு கூடவே கூடாது. தைனா ராசனென் பத்தொன்பது வருடமாக அங்கே வெறும் நகத்தோடு உருளைக்கிழங்கு வேக வைக்கிறாள். இந்த ஈசல்மி ஊரில் நகப்பூச்சைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை.

அது தொடங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. பழைய பொருள் சந்தையில் ஒரு செருப்புப் பெட்டி நிறைய, பாதி தீர்ந்த பாட்டில்களை வாங்கி வந்தாள். முக்கால்வாசி தேன்போலக் கெட்டியாகிக் கிடந்தது. எல்லோரும் செய்கிற தவறு, அதில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றுவது. ஊற்றினால் ஒரு நாள் இளகும், மறுநாள் திரிந்துபோகும். அவள் அதைச் செய்யவில்லை. இளக்கியை வரவழைத்துச் சொட்டு சொட்டாக விட்டு, பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். குலுக்கினால் குமிழி வரும். முப்பத்திரண்டில் இருபத்தேழு பிழைத்தன.

ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நகத்தில் பூசிப் பார்த்தாள். ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு. அடியில் தேதி. பளபளப்பானது, மங்கலானது, வானவில் தூள் போட்டது, ஈரமாக இருக்கும்போதே மேலே காந்தத்தைப் பிடித்தால் உள்ளே பூனைக் கண் மாதிரி ஒரு கோடு எழும்புவது. இன்று அவள் வீட்டுப் படுக்கை விரிப்பு அலமாரியில் படுக்கை விரிப்புகள் இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பிளாஸ்டிக் நகங்கள், வளையம் வளையமாகத் தொங்குகின்றன. விரிப்புகள் சோபாவுக்கு அடியில்.

தன் கையில் போட்டுப் பார்க்க அவளுக்கு இருப்பது வாரத்தில் ஐம்பது மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து பூசுவாள், ஞாயிறு மாலை உரித்துவிடுவாள். உரிகிற வகை அடிப்பூச்சு. நகத்திலிருந்து சிறகுபோலக் கழன்று வரும். அதை ஒரு கோடு போட்ட நோட்டில் ஒட்டி, பக்கத்தில் எழுதுவாள். அந்த ஐம்பது மணி நேரத்துக்குள் மற்றவர்கள் ஒரு வாரத்தில் செய்வதை எல்லாம் செய்துவிடுவாள். வேண்டுமென்றே கம்பு மாவு பிசைவாள். கேரட் துருவுவாள். வார்ப்பிரும்பு வாணலியைத் தேய்ப்பாள். பனிச்சறுக்குக் கையுறையை இருபது முறை போட்டுக் கழற்றுவாள். அவள் கணவர் இல்போ பஸ் டிரைவர். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வந்தா எங்க வீடு சுத்தமாயிடும் பிர்க்கோ. ஆனா எனக்காக இல்ல. மேல்பூச்சு எங்க விரிசல் விடுதுன்னு பாக்கறதுக்காக."

அவளுடைய குறிப்புகள் சின்னவை. 'தண்ணீர்போல். இரண்டாவது பூச்சில் சரியாகிறது.' 'அழகு. நகத்தைக் கறையாக்குகிறது. வேண்டாம்.' 'பெட்டியில் இருக்கிற படம் வேறு எதனுடையதோ.' அவள் இணையத்தில் போட்ட இந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் யொன்னா அவளுக்குக் கடிதம் எழுதினாள். யொன்னா ஓவுலுவில் தன் வீட்டுப் பின்னறையில் நகப்பூச்சு தயாரிக்கிறவள். வெளியிடுவதற்கு முன் ஆறு பேருக்கு மாதிரி அனுப்புவாள். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். ஐந்து பேர் தெற்கே பெரிய ஊர்களில். ஆறாவது ஆள் தைனா. நான்கு வருடமாக.

இந்த முறை பத்து நிறங்கள். எல்லாம் குளிரிலும் சூட்டிலும் மாறுகிற வகை. போன வாரம் யொன்னாவிடமிருந்து ஒரு அட்டை வந்தது. எட்டாம் எண்ணுக்கு 'தைனா' என்று பெயர் வைத்திருப்பதாகவும், மறுக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தாள். தைனா அதைச் சமையலறை இடைவேளையில் படித்தாள். என்னிடம் கொடுத்தாள். நான் படித்ததும் வாங்கி மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். "காப்பி ஆறுது," என்றாள். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் சந்தோஷத்தை அதற்குமேல் காட்டினால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

சமையலறையில் மற்றப் பதினொரு பேருக்கும் சொன்னது நான். எல்லோரும் ஆளுக்கொரு பாட்டில் கேட்டார்கள். தலைமையாசிரியர் தன் மனைவிக்கு இரண்டு கேட்டார். தைனா ஒரு தாளில் பெயர்களை எழுதிக் குளிர்பதன அறையின் கதவில் ஒட்டினாள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கணம் மெதுவாக நடந்தாள். நான் பார்த்தேன்.

எட்டாம் எண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தாள், வழக்கத்துக்கு மாறாகச் சனிக்கிழமை காலையில்தான் பூசினாள். வெளியீடு செவ்வாய்க்கிழமை.

சவுனா முடிந்து ஈரத் தலையோடு படி ஏறினோம். இரண்டாம் மாடியில் நின்றோம்.

"நான் ஒண்ணும் பாக்கலன்னு வெச்சுக்கோயேன்," என்றேன்.

"பாத்தியே."

"மத்த அஞ்சு பேரும் நல்லாருக்குன்னுதான சொல்லியிருக்காங்க?"

"அதான் எனக்கும் புரியல." கையைப் படிக்கட்டு விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "தப்பு என்னோடதா இருக்கலாம். தடிமனாப் பூசியிருக்கலாம். அடிப்பூச்சு சேராம போயிருக்கலாம். ஒரு தடவ பாத்தத வெச்சு ஒரு பொருளக் கெட்டதுன்னு சொல்லக் கூடாது."

"அப்போ விடு."

"திரும்பப் பாக்கணும். நாளைக்கு ஒரு சவுனா வேணும்."

"ஞாயித்துக்கிழமை கீழ சூடு போட மாட்டாங்களே."

"உன் வீட்டுல ஒண்ணு இருக்கே."

"அது சவுனா இல்ல தைனா. அலமாரி."

எங்கள் கட்டடத்தில் பெரிய வீடுகளுக்குள் குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி சவுனா உண்டு. யாரும் அதில் குளிப்பதில்லை. என்னுடையதைப் பன்னிரண்டு வருடமாகச் சூடாக்கியதில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தைனாவும் இல்போவும் வந்தார்கள். பனிச்சறுக்குக் கட்டைகள், கிறிஸ்துமஸ் பெட்டிகள், பழம் பறிக்கும் வாளிகள், ஒரு தையல் இயந்திரம், நான் ஒரு மாதம் மட்டும் மிதித்த உடற்பயிற்சி சைக்கிள் எல்லாவற்றையும் வரவேற்பறைக்கு இழுத்துப் போட்டோம். கல் அடுப்பின் மேலே ஒரு பெட்டி மெழுகுவர்த்தி இருந்தது. இல்போ அதைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார்.

"தெரியாம யாராவது சுவிட்சப் போட்டிருந்தா நம்ம கட்டடமே ஒரு மெழுகுவர்த்தி."

"பேசாம அந்த சைக்கிளத் தூக்கு," என்றாள் தைனா.

அவள் சனிக்கிழமை இரவே பழையதை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நேரம். சனிக்கிழமை ஏழு மணிக்கு இடது சுண்டு விரல், ஒன்பதுக்கு அடுத்தது. ஞாயிறு காலை ஆறுக்கு நடுவிரல், பிறகு மணிக்கொரு விரல், பகல் ஒன்று வரை. எல்லாவற்றிலும் எட்டாம் எண், ஒரே அளவு, இரண்டே பூச்சு. ஒரே ஆளின் கை போதாது என்று இல்போவின் கையையும் அதே வரிசையில் எடுத்துக்கொண்டாள். என் ஒரு கையில் நாலாம் எண். அது ஒப்பிட்டுப் பார்க்க.

"மணி பத்து," என்று சமையல் மேசையிலிருந்து கூப்பிடுவாள். "விரலக் கொண்டா."

இல்போ செய்தித்தாளோடு வருவார். "முப்பத்தோரு வருஷமா பஸ் ஓட்டறேன். ஒருத்தர்கூட என் கையப் புடிச்சுப் பாத்ததில்ல."

"ஆட்டாத."

"இந்த விரலுக்கு எம் பேர வெப்பாங்களா?"

"நகத்தக் கடிக்கிறத நிறுத்தினா கேட்டுப் பாக்கறேன்."

அவள் பூசுவதை அன்றுதான் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தேன். தூரிகையின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்து, நகத்தின் அடியிலிருந்து ஒரு மயிரிழை இடம் விட்டு வைத்தாள். நடுவே ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கடைசியில் நுனி விளிம்பை ஒரு தடவல். நான்கே அசைவு. இல்போவின் பிளவுபட்ட கட்டைவிரல் நகத்துக்கும் அதே நான்கு. ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இல்போவின் விரல்களில் நிறம் கறுத்தது. லக்கா மஞ்சளிலிருந்து மெல்ல, நுனியிலிருந்து உள்ளே, ஏரி உறைவதற்கு முந்தைய நாளின் நீலம். பத்து நிறங்களில் அதுதான் சிறந்தது. அது அவளுக்கும் தெரியும்.

இரண்டு மணிக்கு உள்ளே போனோம். அந்தச் சின்ன இடத்தில் மூன்று பேர், துண்டோடு, முழங்கால் முட்ட முட்ட. பன்னிரண்டு வருடத் தூசி எரிகிற வாசனை. எண்பது டிகிரி. இருபது நிமிடம். என்னுடையதைத் தவிர, மஞ்சளாகாத நகம் ஒன்றும் இல்லை. பிறகு பால்கனிக்கு ஓடினோம். மூன்று பேரும் கைப்பிடிக் கம்பிக்கு மேலே கைகளை நீட்டிக்கொண்டு பனியில் நின்றோம். எதிர்க் கட்டடத்தில் நாயோடு நின்ற ஒருவர் கையசைத்தார். இல்போ கையசைக்கவில்லை.

"ஆட்டாதன்னு சொல்லியிருக்கா," என்றார் என்னிடம்.

என்னுடைய நாலாம் எண் ஐந்து விரலிலும் திரும்பி வந்தது. தைனாவின் சுண்டு விரலும் அடுத்த விரலும் கறுத்தன. காலை ஆறு மணி விரல் அழுக்கு நீலமாகி நின்றது. மற்றவை மஞ்சள். இல்போவின் கையிலும் அதே கணக்கு, விரலுக்கு விரல்.

தைனா நீண்ட நேரம் பார்த்தாள். உள்ளே வந்து, நோட்டை எடுத்து எழுதினாள். பேனா பிடிக்க விரல் வரவில்லை. மறுபடி எழுதினாள்.

மூன்றரைக்கு யொன்னாவைக் கூப்பிட்டாள். போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

"தைனா! பேரு எப்படி? லேபிள் வந்துடுச்சு. முந்நூறு பாட்டிலும் ஒட்டி முடிச்சுட்டேன்."

"யொன்னா, மத்தவங்க எட்ட எப்போ பூசினாங்க?"

"எப்போன்னா? எல்லாரும் ஞாயித்துக்கிழமைதான். ஒரு வாரம் போட்டுப் பாப்பாங்கல்ல."

"சவுனா போனாங்களா?"

"போவாங்க. சனிக்கிழமை."

"அப்போ பூசி ஆறு நாள் ஆயிருக்கும். நல்லாக் காஞ்சிருக்கும். நான் சனிக்கிழமை காலைல பூசினேன், சாயங்காலம் சவுனா போனேன். செத்துப் போச்சு. இன்னிக்கு இருபது விரல்ல பாத்தோம். எட்டு மணி நேரத்துக்குள்ள சூட்டுக்குப் போனா திரும்பறதில்ல. நாலாம் நம்பர் திரும்புது. எட்டு மட்டும் இல்ல."

போனில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது.

"பாட்டில்ல ஒரு வரி சேத்துடலாம்," என்றாள் யொன்னா. "சூட்டுக்கு முன்னாடி ஒரு நாள் காய விடணும்னு."

"கண்ணாடி இல்லாம அந்த எழுத்து எனக்கே தெரியாது. நம்ம ஊர்ல எப்போ நகம் பூசறாங்க? சனிக்கிழமை. எப்போ சவுனா போறாங்க? சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை எல்லாரும் உனக்குக் கடிதம் எழுதுவாங்க."

"தைனா, அது உன் பேருல வருது. நீ யோசிச்சியா?"

தைனா ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இல்போ பார்த்தார். பிறகு எழுந்து போய்க் காப்பிப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினார், அது சுத்தமாகத்தான் இருந்தது.

"எனக்கு ஏற்கனவே ஒரு பேரு இருக்கு," என்றாள் தைனா. "நான் பாத்தத எழுதிட்டேன். அனுப்பறேன். வெளியிடறதும் விடறதும் உன் இஷ்டம்."

போனை வைத்ததும் இல்போவின் கையை இழுத்து உரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டையும் நேரத்தின் வரிசையில் நோட்டில் ஒட்டினாள். பிறகு தன்னுடையதை. சுண்டு விரலின் துண்டை மட்டும் விளிம்பு கிழியாமல் எடுக்க வெகுநேரம் ஆனது. ஒட்டிய பக்கத்தைப் படம் பிடித்து யொன்னாவுக்கு அனுப்பினாள். சைக்கிளைத் திரும்ப உள்ளே வைக்க உதவினாள்.

ஆறு மணி இருக்கும், மறுபடி போன் வந்தது. நாங்கள் கம்பு ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"நான் இன்னும் ஈரத் தலையோட நிக்கிறேன்," என்றாள் யொன்னா. "உன் படம் வந்ததும் ரெண்டு கைலயும் பூசிட்டு சவுனாவுல உக்காந்தேன். பத்தும் போச்சு. பத்தும், தைனா. எனக்குத் தோணவே இல்ல. என் வீட்டுல தினமும் சூடு போடறோம், எனக்கே தோணல."

"நீ தயாரிக்கிறவ. உனக்குத் தோணாது."

"ஒம்பதோட போறேன். எட்டு வராது." மூக்கை உறிஞ்சும் சத்தம். "உன் பேர நாலுக்கு வெச்சுடட்டுமா? நாலு அருமையா இருக்கு."

"நாலுக்கு ஏற்கனவே ஒரு பேரு வெச்சிருக்க. அத மாத்தாத. மக்களுக்குக் குழப்பம்."

"நீ எப்பவும் இப்படித்தான்."

"தலையத் துடை. சளி புடிச்சுக்கும்."

வைத்துவிட்டு, ரொட்டியை எடுத்துக் கடித்தாள். இல்போ அவள் முன்னால் வெண்ணெய்ப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறரைக்குச் சமையலறையைத் திறந்தோம். மக்ரோனி, அரைத்த இறைச்சி, துருவிய முட்டைக்கோஸ். நானூற்றுப் பத்துப் பேர். தைனா குளிர்பதன அறைக் கதவிலிருந்த தாளை எடுத்துவிட்டு, கேட்டவர்களிடம் அந்த நிறம் வரவில்லை என்று சொன்னாள். ஏன் என்று கேட்ட இரண்டு பேருக்குக் காரணத்தைச் சொன்னாள். பத்து மணிக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வடிகால் அடைத்துக்கொண்டது. பழுது பார்ப்பவர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். மதியம் யொன்னாவின் இணையப் பக்கத்தில் ஒன்பது நிறங்களின் படம் வந்தது. இரண்டரைக்கு வேலை முடிந்தது. பனி பெய்துகொண்டிருந்ததால் இருவரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.